மாராப்பு மாறிய படம்

எங்கள் அப்பத்தா வீட்டுக் கூடத்தில், சாமி மாடத்துக்கும் நாட்காட்டிக்கும் நடுவே, ஒன்றரை அடி உயரமுள்ள ஒரு கண்ணாடி ஓவியம் மாட்டியிருக்கும். தேக்குச் சட்டம், அதன் மேல் மூலையில் கரையான் அரித்த தடம், உள்ளே இரண்டு பெண்கள். ஒருத்தி கைவைத்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். மற்றொருத்தி அவளுக்குப் பின்னால் நின்று, அவள் தோளில் கை வைத்திருக்கிறாள். பின்னணியில் ஒதுக்கிக் கட்டிய திரைச்சீலையும் ஒரு பூச்சாடியும் உண்டு. நின்றவளின் சேலை அரக்கு, அமர்ந்தவளின் சேலை பச்சை. இருவருடைய நகைகளும் வண்ணத்தால் எழுதப்பட்டவை அல்ல. வண்ணம் பூசாமல் விட்ட இடங்களுக்குப் பின்னால் கசக்கி வைத்த ஜிகினாத் தாளின் மினுக்கம்தான் நகையாகத் தெரிகிறது. தாத்தா காரைக்குடிப் பக்கம் ஒரு நகரத்தார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அந்த வீட்டில் பங்கு பிரித்தபோது தூண்களும் கதவுகளும்கூட விலைபோய்விட, யாரும் கேட்காமல் கிடந்த இந்தப் படம் அவர் கைக்கு வந்தது.

"யாரு அப்பத்தா இவுக ரெண்டு பேரும்?" என்று சிறுவயதில் நான் கேட்காத விடுமுறை இல்லை. "அக்கா தங்கச்சியா இருக்கும்" என்பது அவருடைய வழக்கமான பதில். சித்தப்பாவோடு ஏதோ சண்டை நடந்த ஒரு நாளில் மட்டும், "சக்களத்திகளா இருப்பாளுக, போடி" என்றார். இரண்டு பெண்கள் ஒரு சட்டத்துக்குள் நெருக்கமாக இருப்பதற்கு எங்கள் வீட்டில் இருந்த காரணங்கள் இவை இரண்டுதான். மூன்றாவதாக ஒன்று இருக்கக்கூடும் என்று எனக்கே பத்தொன்பது வயது வரை தோன்றவில்லை. தோன்றிய பிறகும், அதற்குரிய சொல் கிடைக்க வெகுநாள் ஆயிற்று. சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கைத் தொடர்ந்து 2022ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு வெளியிட்ட சொற்பட்டியலில், திருநர், ஊடுபால் முதலிய சொற்களோடு, பெண்ணை நேசிக்கும் பெண்ணையும் சேர்த்துக் குறிக்கும் பால்புதுமையர் (queer) என்ற சொல்லும் அரசிதழில் ஏறியது. அந்தப் பக்கத்தை நான் அச்செடுத்து வைத்திருக்கிறேன். அரசிதழ் ஒன்றைப் படித்து அழுதவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மழையில் அந்தப் படம் உதிரத் தொடங்கியது. மரப்பலகையோ துணியோ வண்ணத்தைக் கொஞ்சமாவது உள்ளே இழுத்துக்கொள்ளும். கண்ணாடி எதையும் இழுத்துக்கொள்ளாது. வண்ணம் அதன் முதுகில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஈரம் ஏறினால் பொருக்குப் பொருக்காக விட்டுவிடுகிறது. அமர்ந்தவளின் பச்சைச் சேலையில் ஒரு துண்டு கழன்று, சட்டத்தின் அடியில் விழுந்து கிடந்தது. ஈரத்துணியால் துடைத்து வைக்கலாமா என்று கேட்ட அம்மாவை அலறித் தடுத்தேன். துடைத்திருந்தால் மிச்சமும் துணியோடு வந்திருக்கும். அப்போது எனக்குத் தெரிந்திருந்த ஒரே விஷயம் அதுதான். மீதியைத் தெரிந்துகொள்ளத்தான் தஞ்சாவூருக்குப் போனேன். பலகைப் படமும் கண்ணாடிப் படமும் எழுதுகிற முதியவர் ஒருவரிடம், வார இறுதிகளில், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக் காலம் உட்கார்ந்து கற்றேன். அவர் 'வரைதல்' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. படம் எழுதுவதுதான்.

கண்ணாடி ஓவியத்தின் வேலைமுறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நான் இங்கே சொல்ல வருவதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. பார்ப்பவர் ஒரு பக்கத்திலிருந்து பார்க்கிறார்; எழுதுபவர் மறுபக்கத்தில் எழுதுகிறார். ஆகவே பார்ப்பவருக்கு மிக அருகில் தெரிய வேண்டியதை முதலில் எழுதியாக வேண்டும். பலகையில் என்றால் பின்னணி, உடல், உடை, நகை என்று படிப்படியாக மேலே வந்து, எல்லாம் முடிந்த பின்னர் நல்ல நேரம் பார்த்துக் கண் திறப்பார்கள். கண்ணாடியில் கண்தான் முதல் வேலை. கருவிழியில் விழும் வெளிச்சப் புள்ளி, அதன் பின் கருவிழி, அதன் பின் வெள்ளை, இமைக்கோடு, புருவம், மூக்குத்தியின் விளிம்பு, உதட்டு மடிப்பு, விரல்களுக்கு இடையிலான நிழல் என்று மயிரிழைத் தூரிகையால் எழுதிக் காய வைத்த பிறகே முகத்தின் நிறத்தைப் பூச முடியும். நிறம் பூசிய பிறகு 'அடடா, புருவத்தை இன்னும் சற்று வளைத்திருக்கலாம்' என்று நினைத்துப் பயனில்லை, அது இப்போது அடியில் போய்விட்டது. பின்னணி நீலமோ சிவப்போ கடைசியில் வருகிறது. முழுவதும் முடிந்த ஒரு படத்தைப் பின்பக்கமிருந்து பார்த்தால் பட்டை பட்டையாக நிறங்கள் மட்டுமே தெரியும். அங்கே ஒரு முகம் இருக்கிறது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

முதல் மாதம் முழுவதும் நான் கண்களை மட்டுமே எழுதினேன். ஸ்பிரிட்டால் துடைத்த கண்ணாடியில் விரல் பட்டால் அந்த எண்ணெய்ப் பிசுக்கில் வண்ணம் விலகி ஓடும் என்பதால், கண்ணாடியின் இரு ஓரங்களிலும் மரக்கட்டை வைத்து, அவற்றின் மேல் ஒரு பட்டைப் பலகையைப் பாலம் போலப் போட்டு, மணிக்கட்டை அதன் மேல் ஊன்றிக்கொண்டு எழுத வேண்டும். முகம் இல்லாத இருபது ஜோடிக் கண்கள் மேசையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரவில் விளக்கை அணைக்கும் முன் அவற்றின் மேல் ஒரு நாளிதழை விரித்துவிட்டுத்தான் படுப்பேன்.

இன்னொரு சங்கதி இடவலம். கண்ணாடியைத் திருப்பினால் எழுதியவருக்கு இடம் பார்ப்பவருக்கு வலமாகிவிடும். கைதேர்ந்தவர்கள் உருவத்தைத் தாளில் எடுத்து, தாளைக் கவிழ்த்து, கவிழ்த்த கோட்டின் மேல் கண்ணாடியை வைத்து எழுதுவார்கள். கவிழ்க்க மறந்தால் எல்லாம் மாறிப்போகும். இதைக் கற்ற வாரம் அப்பத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். முப்பது ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்த படத்தில் ஒன்றை அன்றுதான் கவனித்தேன்: இரண்டு பெண்களுக்கும் மாராப்பு வலது தோளில் கிடக்கிறது. 'அவுக வடநாட்டுப் பக்கமா இருக்கும்' என்று அம்மா எப்போதோ சொன்னதற்குக் காரணம் இதுதான் போலும். ஆனால் கொசுவமும் கொண்டையும் நம் பக்கத்தவை. எழுதியவர் கையில் இருந்த ஏதோ ஒரு மூலத்தை, பெரும்பாலும் ஒரு புகைப்படத்தை, கவிழ்க்காமல் அப்படியே கண்ணாடிக்கு அடியில் வைத்து எழுதியிருக்கிறார். நாற்காலியும் திரைச்சீலையும் பூச்சாடியும் அந்தக் காலத்துப் புகைப்பட நிலையங்களின் சாமான்கள். அப்படியானால் இந்த இருவரும் ஒருநாள் கிளம்பிப் போய், ஒரு கேமராவின் முன்னால் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் இருந்தவர்களாக இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் என்னை நான் பிடித்து நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டு பேர் இருந்தார்கள் என்பது வரைக்கும்தான் மாராப்பு சொல்கிறது. அவர்கள் அக்கா தங்கையாக இருக்கலாம், ஓரகத்திகளாக இருக்கலாம், அப்பத்தா கோபத்தில் சொன்னதாகவே இருக்கலாம். என்னைப் போன்றவர்கள் பழைய படங்களையும் சிற்பங்களையும் பார்க்கும்போது ஒரு பசியோடு பார்க்கிறோம். தோளில் ஒரு கை தெரிந்துவிட்டால் உடனே 'அன்றே நாம் இருந்தோம்' என்று பட்டயம் எழுதிவிடுகிறோம். அந்தப் பசி எனக்குப் புரிகிறது, அதைக் கேலி செய்ய எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் பெயர் தெரியாத இரண்டு பெண்களின் வாயில் என் பதிலைத் திணிப்பது, அப்பத்தா அவர்களை அக்கா தங்கை என்று சொல்லி முடித்ததற்கு எந்த விதத்தில் வேறு?

இந்தப் பசியில்தான் நான் முதல் பெரிய படத்துக்கு அர்த்தநாரியை எடுத்துக்கொண்டேன். பால்புதுமையர் என்றாலே எல்லோரும் எடுப்பது அதைத்தான், நானும் விதிவிலக்கல்ல. திருவெண்காட்டில் கிடைத்து, இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் 11ஆம் நூற்றாண்டுச் செப்புத் திருமேனியைப் பல முறை போய்ப் பார்த்து, பென்சிலால் குறிப்பெடுத்தேன். சிவன் பாகத்துக்கு இரண்டு கைகள், உமை பாகத்துக்கு ஒரே கை, ஆக மூன்று. எண்ணிப் பார்த்தால் கணக்குத் தப்பியது போல இருக்கும், நிற்கிற அழகில் யாரும் எண்ணுவதில்லை. சம்பந்தர் பிள்ளைப் பருவத்தில் பாடியதாகச் சொல்லப்படும் முதற்பதிகத்தின் முதற்சொல்லே தோடுதான். 'தோடுடைய செவியன்' என்று ஆண்பாலில் முடிகிற சொற்றொடரின் தலையில் ஒரு பெண்ணின் காதணி. மாணிக்கவாசகர் குழையையும் சுருள்தோட்டையும், சூலத்தையும் வளையையும் அடுத்தடுத்து வைத்து, அதைத் தொன்மைக் கோலம் என்கிறார். ஒரு காதில் குழை, மறு காதில் தோடு. கண்ணாடியில் நான் எழுத ஆசைப்பட்டது அந்த இரண்டு காதுகளைத்தான். மற்றதெல்லாம் அவற்றைத் தாங்க வந்த உடம்பு.

பதினோரு நாள் எழுதினேன். புலித்தோலின் வரிகள், பட்டுச் சேலையின் கரை, தோட்டுக்கு உள்ளே வைக்க நகத்தால் கசக்கிய தங்க நிற ஜிகினா. பின்னணிக்கு அரக்குச் சிவப்பு. காய்ந்ததும் திருப்பி நிறுத்தினேன். உமை வலப்பாகத்தில் நின்றாள்.

தாளைக் கவிழ்க்க மறந்திருந்தேன். இடவலம் பற்றி இவ்வளவு தெரிந்த பிறகு, மாராப்பைக் கண்டுபிடித்ததாகப் பெருமையடித்துக்கொண்ட பிறகு, அதே தவற்றை நானே செய்திருந்தேன். ஆசிரியர் படத்தைக் கையில் வாங்கி, தூரத்தில் பிடித்துப் பார்த்து, "எழுத்து நல்லா வந்திருக்கும்மா. கோயிலுக்குக் குடுக்க முடியாது, வீட்டுலயே வச்சுக்க" என்றார். வலப்பாகம் சிவன், இடப்பாகம் உமை என்பது அழகுக்காக ஏற்பட்ட இடம் அல்ல, மனைவி எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்கிற ஒழுங்கும் அதில் இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் முழுதாக உறைத்தது. ஆண் பாதி, பெண் பாதி, நடுவே உச்சி முதல் பாதம் வரை ஒரு நேர்கோடு, அவரவர் பக்கத்தில் அவரவர். இந்த உருவத்தை என் உருவமாகச் சொந்தம் கொண்டாடியபோது, அது ஒரு கணவன் மனைவியின் உருவம் என்பதை நான் வசதியாக மறந்திருந்தேன். இரண்டு பெண்களுக்கு அந்தக் கோட்டின் எந்தப் பக்கத்தில் இடம்? பக்கம் மாறி நின்ற அர்த்தநாரியைப் பார்க்கப் பார்க்க, குற்றம் என்று சொல்லி உடைக்கவும் மனம் வரவில்லை, புரட்சி என்று சொல்லிக்கொள்ளவும் நாக்கு கூசியது. அது ஒரு மறதி. என் அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். தோடு மட்டும் நினைத்ததைவிட நன்றாக வந்திருக்கிறது.

கூவாகத்தையும் எழுதச் சொன்னார்கள் சில நண்பர்கள். சித்திரையில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்து அழுகிற திருநங்கைகளின் சடங்கு அது. அவர்கள் உடம்பால் கொடுத்த விலை அதில் இருக்கிறது. எல்ஜிபிடிக்யூ என்று எல்லா எழுத்துகளையும் ஒரே சுருக்கப் பெயருக்குள் சேர்த்துவிட்டதனால் எல்லோருடைய மரபும் எனக்குச் சொந்தமாகிவிடாது என்று தோன்றியது. எழுதவில்லை.

அம்மாவிடம் நான் என்னைப் பற்றிச் சொன்னது இந்தக் காலத்தில்தான். நான் செய்த முதல் முட்டாள்தனம் சான்று காட்டியது. சிற்பம், பதிகம், புராணம் என்று ஒரு வழக்கறிஞரைப் போல அடுக்கினேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சாமிக்கு ஆயிரம் இருக்கும், நமக்கு எதுக்குடி அதெல்லாம்?" என்றாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. சாமிக்கு உள்ளதும் நமக்கு உள்ளதும் வெவ்வேறு கணக்குப் புத்தகங்கள் என்பதை எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிறவருக்கும் தெரியும், படித்த எனக்குத்தான் தெரியவில்லை. அடுத்து வந்தது எல்லா வீடுகளிலும் வருகிற வரி: "இதெல்லாம் வெளிநாட்டுல இருந்து வந்தது."

அதற்கு மட்டும் கண்ணாடி எனக்கு ஒரு பதிலைக் கொடுத்தது, அன்று சொல்ல வாய் வராமல் பிறகுதான் சொன்னேன் என்றாலும். நம் மண்ணுக்குக் கண்ணாடி புதிதல்ல. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் வீலர் அகழ்ந்ததற்கு முன்னும் பின்னும் அள்ளக் குறையாமல் கிடைத்த சின்னஞ்சிறு கண்ணாடி மணிகள் கடல் கடந்து தென்கிழக்கு ஆசியா வரைக்கும் போயிருக்கின்றன. ஆனால் தட்டைக் கண்ணாடியின் முதுகில் படம் எழுதுகிற வித்தை நமக்கு 18ஆம் நூற்றாண்டில் கப்பலில் வந்தது. ஐரோப்பாவில் வார்த்த கண்ணாடித் தகடுகள் சீனத்துக் கேன்டன் துறைமுகத்துக்குப் போய், அங்கே படம் எழுதப்பட்டு, மறுபடி கப்பலேறின. அந்தப் படங்களும் அவற்றை எழுதத் தெரிந்த சீனத்துக் கைகளும் இந்தியாவின் மேற்குக் கரைக்கும் தென்னாட்டு அரண்மனைகளுக்கும் வந்து சேர்ந்தன. தஞ்சையில் 1676 முதல் 1855 வரை இருந்தது மராட்டியர் அரசு. அங்கே படம் எழுதியவர்களில் தெலுங்கு பேசிய ராஜுக்கள் முக்கியமானவர்கள். மராட்டிய மன்னர்களின் ஊரில், தெலுங்குக் கைகளில், சீன வித்தையில், ஐரோப்பியத் தகட்டில் எழுதப்பட்ட பட்டாபிஷேக ராமரைத்தான் நாம் நம் பூசையறையில் மாட்டி, நம் பாரம்பரியம் என்கிறோம். சரியாகத்தான் சொல்கிறோம், அது நம்முடையதுதான். எந்தக் கப்பலில் வந்தது என்று அதை யாரும் கேட்பதில்லை. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 377ஆம் பிரிவும் வெள்ளைக்காரன் எழுதியதுதான். அது மட்டும் நம் ஒழுக்கம் போலவே நம்மிடம் தங்கிவிட்டது. உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று அதன் பல்லைப் பிடுங்குகிற வரைக்கும், ஒரே பாலைச் சேர்ந்த, வயது வந்த இருவர் மனமொத்து உடலால் சேர்வது அந்த இறக்குமதிச் சட்டத்தின்படி குற்றம். எது வந்தது, எது இருந்தது என்று அம்மாவும் நானும் ஒரு மத்தியானம் முழுவதும் பேசினோம். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் படம் சீனாவிலிருந்து வந்த விஷயத்தை அடுத்த வாரமே சின்னம்மாவிடம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்தக் கலை நலிந்ததற்கும் ஓர் இயந்திரம்தான் காரணம். 1894இல் ரவிவர்மாவின் அச்சகம் பம்பாயில் தொடங்கிய பிறகு, வண்ண அச்சுச் சாமிப் படங்கள் மலிவாக வீடுதோறும் வந்துவிட்டன. பதினோரு நாள் எழுதிய கண்ணாடியை வாங்க ஆள் குறைந்தது. அப்பத்தா வீட்டுப் படத்தை யாரும் கேட்காமல் விட்டதும் அந்த வரிசையில் வருகிறதுதான். மேலும் அதில் சாமியும் இல்லை, முன்னோர் என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆம்பளையும் இல்லை.

அர்த்தநாரிக்குப் பிறகு ஒரு சோதனை செய்தேன், தோற்றேன். சீனத்து எழுத்தாளர்கள், அதாவது படமெழுதிகள், முகம் பார்க்கும் கண்ணாடியிலும் எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கண்ணாடியின் பின்னால் இருக்கும் வெள்ளீயமும் பாதரசமும் கலந்த பூச்சில் தேவையான இடத்தை மட்டும் சுரண்டி எடுத்து, அங்கே உருவத்தை எழுதி, மீதியைக் கண்ணாடியாகவே விட்டுவிடுவார்கள். இன்றைய கண்ணாடியில் வெள்ளிப் பூச்சும் அதைக் காக்கும் சாயப் பூச்சும் இருப்பதால் சுரண்டுவது பெரும்பாடு. இருந்தாலும் நாற்காலிப் பெண்ணை மட்டும் எழுதி, பின்னால் நிற்பவளின் இடத்தை வெறும் கண்ணாடியாக விட்டேன். பார்ப்பவர் முகம் அங்கே தெரியும், அவரே நிற்பவளாகிவிடுவார் என்று பெரிய யோசனை. வந்தவர்கள் எல்லோரும் தலை வாரிக்கொண்டார்கள், செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள், போய்விட்டார்கள். என் இணையர் மட்டும் நின்று பார்த்துவிட்டு, "என்னை எழுதாம தப்பிச்சுட்ட" என்றாள். அது உண்மை. நிற்பவளை எழுதப் பயந்துதான் அவள் இடத்தைக் காலியாக விட்டு, அதற்கு ஒரு தத்துவமும் வைத்திருந்தேன்.

அதனால் இருவரையும் எழுதினேன். பழைய படத்தின் அளவே, அதே அரக்கும் பச்சையும், ஆனால் முகங்கள் எங்களுடையவை. நாற்காலியில் அவள், பின்னால் நான். இந்த முறை தாளைக் கவிழ்த்தேன். மாராப்புகள் இடது தோளுக்கு வந்தன. சென்ற ஆண்டு ஒரு குழுக் கண்காட்சிக்கு அதைக் கேட்டார்கள். படத்தில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை, பெயர்ச்சீட்டில்தான் இருந்தது. நான் 'இணையர்' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். 'தோழிகள்' என்று போட்டால் குடும்பத்தோடு வருகிறவர்களுக்குச் சங்கடம் இருக்காது என்றார் ஏற்பாடு செய்தவர், மிகுந்த மரியாதையோடு. அக்கா தங்கை, சக்களத்தி, தோழி. பட்டியல் ஒன்று கூடியதே தவிர, நகரவில்லை. 2023இல் உச்ச நீதிமன்றம் எங்களைப் போன்றவர்களுக்குத் திருமண உரிமை இல்லை என்றது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்பதில்லை, தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றது. இதையெல்லாம் அந்த மனிதரிடம் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். சொல்லவில்லை. பெயர் வேண்டாம், பொருளும் அளவும் மட்டும் போடுங்கள் என்றேன். 'கண்ணாடியில் எனாமல், 30 × 45 செ.மீ.' என்ற சீட்டோடு பத்து நாள் தொங்கியது. அது சமரசமா என்று கேட்டால், ஆமாம், சமரசம்தான். பொய்யாக ஒரு பெயர் வைத்துக்கொள்ளாத அளவுக்குச் சமரசம்.

கண்காட்சி முடிந்ததும் படத்தை நேரே அப்பத்தா வீட்டுக்குக் கொண்டுபோனேன், என் இணையரும் வந்தாள். அப்பத்தாவுக்கு அவள் 'கூட்டாளி'. "ஒன் கூட்டாளி சாப்புட்டாளா?" என்று அவளை வைத்துக்கொண்டே என்னிடம் கேட்பார். பழைய படம் இப்போது சுவரில் இல்லை. எழுதிய பக்கம் மேலாகப் படுக்க வைத்து, ஈரமில்லாத பெட்டியில் வைத்திருக்கிறோம். உதிர்ந்த பச்சையை நான் பூசி நிரப்பவில்லை. எழுதியவர் கைக்கு மேல் என் கை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அந்த ஆணியில் புதியதை மாட்டினோம்.

அப்பத்தா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வந்து, வெகுநேரம் பார்த்தார். முகங்கள் யாருடையவை என்று கேட்கவில்லை. "மாராப்பை மாத்திப்புட்ட" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாறிக் கிடந்தது அவருக்கு இத்தனை நாளும் தெரிந்தே இருந்திருக்கிறது. பிறகு விரலை நீட்டி, கண்ணாடியைத் தொடாமல், நான் அவள் தோளில் வைத்திருக்கும் கையைக் காட்டினார்.

"கை பட்டும் படாமயும் இருக்கே. அழுந்தலையே ஆத்தா. பழசுல நல்லா அழுத்திப் பிடிச்சிருப்பா."

பெட்டியைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. பழைய படத்தில் ஒவ்வொரு விரலுக்கு அடியிலும் மெல்லிய பழுப்பு நிழல் ஒன்று, சேலை மடிப்பு விரலுக்குக் கீழே கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறது. நான் அந்த நிழலை எழுதாமலே தோல் நிறத்துக்குப் போயிருக்கிறேன். கண்ணாடியில் அதை இனிச் சேர்க்க முடியாது; தோல் நிறத்துக்கு முன்பே அது அங்கே இருந்திருக்க வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை புதிய தகடு ஒன்று அறுத்து வாங்கி வந்தேன், மூன்று மில்லிமீட்டர். தாளைக் கவிழ்த்து அடியில் வைத்தாயிற்று. கண்கள் நான்கும் எழுதிக் காய்ந்துவிட்டன. இன்று விரல் நிழல்.